மானூர்க் கரிசலில் பன்னிரண்டு தூண்கள்

மானூருக்கு அருகே எங்கள் கரிசல் நிலத்தில், நெல்லும் உளுந்தும் அடுக்கி வைப்பதற்கென ஒரு கிட்டங்கி கட்டினோம். நீளம் 25 மீட்டர், அகலம் 10 மீட்டர், பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு தூண்கள். அவற்றை அங்கேயே சென்ட்ரிங் அடித்து வார்க்காமல், பட்டறையில் வார்த்து முடித்த தூண்களாக வாங்கி நிறுத்தியதற்குத் தண்ணீர்தான் காரணம். வறண்ட வெயிலில் கான்கிரீட்டைக் குறைந்தது பத்து நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. ஆனி, ஆடிக் காற்றில் தூணைச் சுற்றிய ஈரச்சாக்கு சற்று நேரத்தில் உலர்ந்துவிடும் எங்கள் ஊரில், கிணறும் வற்றிக் கிடக்கும் நாளில், அதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்குக் கை நுழையும் அளவு வெடிக்கும். ஆகையால் சுக்காம்பாறை தட்டும்வரை தோண்டி, அதன்மேல் அடித்தளமும், ஒவ்வொரு தூணுக்கும் கிண்ணம் போன்ற ஒரு கான்கிரீட் குழியும் அமைத்தோம். தூண் 400 மி.மீ. சதுரம், குழியின் ஆழம் 600 மி.மீ.; தூணுக்கும் குழிச் சுவருக்கும் நடுவே அடியில் 50, மேலே 75 மி.மீ. இடைவெளி. ஆப்பு வைத்துத் தூணை நேராக்கவும், பிறகு கான்கிரீட்டைக் குத்தி இறக்கவும் இந்த இடைவெளிதான் இடம் தருகிறது.

முதல் லாரியில் வந்த நான்கு தூண்களில் இரண்டின் மேல்முகத்தில், நட்டநடுவே, மயிரிழை போன்ற விரிசல்கள் குறுக்காக ஓடியிருந்தன. ஏழு மீட்டர் நீளமுள்ள ஒரு தூணின் எடை 2.8 டன். கிடத்தி வைக்கும்போது இரு முனைகளிலிருந்தும் 1.45 மீட்டர் அளவில் கட்டை கொடுத்தால் தூணை வளைக்கும் விசை மிகக் குறைவாக இருக்கும். நடுவில் மட்டும் தாங்கினால் அது ஏறக்குறைய ஆறு மடங்காகிவிடும். பட்டறையில் மூன்று கட்டைகளின்மேல் அடுக்கியிருக்கிறார்கள். ஓரக் கட்டைகள் மண்ணில் அமிழ்ந்ததும் பாரமெல்லாம் நடுக்கட்டையில் இறங்கிவிட்டது. எங்கள் பொறியாளர் அப்பாவிடம், “அண்ணாச்சி, நிறுத்துன பொறவு கீறல் மூடிக்கிடும்னு சொல்லுவாங்க. உள்ள கம்பி வரைக்கும் போயிருக்கான்னு நமக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிருங்க” என்றார். அனுப்பினோம். மாற்றுத் தூண்கள் வருவதற்குள் வைகாசி முடிந்து காற்றும் தொடங்கிவிட்டது. பட்டறைக்கு நேரில் போய், அடுக்கி வைத்திருக்கும் முறையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்திருந்தால் இந்த மூன்று வாரங்கள் வீணாகியிருக்கா என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

தூண்களை நிறுத்த 14 டன் ஹைட்ரா கிரேன் வந்தது. அந்த 14 டன் என்பது பாரம் வண்டிக்கு அருகில் இருக்கும்போதுதான். கையை நீட்ட நீட்டத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும் என்பதால், ஒவ்வொரு குழிக்கும் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முந்தின நாளே சுண்ணாம்பால் குறித்து, அந்த இடங்களில் சரள் கொட்டி இறுக்கினோம். காற்று ஏறுமுன் முடிக்க வேண்டி, விடியற்காலை ஐந்தரைக்கு வேலையைத் தொடங்கினோம். தூண் நிமிரும்போது அடிமுனையின் விளிம்பு சிதறாமலிருக்க அதன்கீழ் பழைய டயர் போட்டோம். உச்சிகள் ஒரே மட்டத்தில் அமைவதற்காகக் குழியடியில் வெவ்வேறு கனமுள்ள இரும்புத் தகடுகளை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தோம். தூணின் அடுத்தடுத்த இரு முகங்களிலும் வரைந்த மையக்கோட்டைத் தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டு, நான்கு பக்கமும் ஆப்புகளைத் தட்டித் தட்டி நேராக்கினோம். காற்றில் குண்டு ஆடாமலிருக்க அதைத் தண்ணீர் வாளிக்குள் தொங்கவிடச் சொன்னவர் எங்கள் கொத்தனார். அந்த யோசனை இல்லையென்றால் ஏழு மணிக்குமேல் ஒரு தூணையும் நேர் பார்த்திருக்க முடியாது.

எட்டாம் குழியில்தான் திகைத்து நின்றோம். தோண்டும்போது, குழியின் இடத்தைக் குறிக்க அடித்து, பொக்லைன் தட்டி நகர்ந்த முளையை யாரும் கவனிக்காததால், குழியே 30 மி.மீ. விலகி அமைந்திருந்தது. தூணைச் சரியான கோட்டில் நிறுத்தினால் ஒருபக்கம் அடியில் 20 மி.மீ.தான் மிஞ்சும், அதற்குள் சல்லி இறங்காது. குழிச் சுவரைக் கொத்தினால் கம்பி வெளியே தெரியும். கணக்குப் பார்த்துவிட்டு, தூணை 15 மி.மீ. விலக்கி நிறுத்தலாம் என்று பொறியாளர் முடிவு செய்தார். அதனால் 35 மி.மீ. இடைவெளி கிடைத்தது.

குழிகளைக் கழுவி, ஈரமாக்கி, பொடிச்சல்லி சேர்த்த, சுருங்காத கான்கிரீட்டை முதலில் ஆப்புகளின் அடிமட்டம்வரை மட்டும் இட்டோம். அது இறுகிய பிறகே ஆப்புகளை உருவி மீதியை நிரப்பினோம். மர ஆப்பை உள்ளேயே விட்டு மூடினால் அது ஈரத்தில் உப்பும், பின்னர் மக்கிப் பொந்தாகும். இதில் கொத்தனார் காட்டிய பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களான ட்ரஸ்கள் ஏறிய நாளில், பதினொரு தூண்களின் உச்சியிலிருந்த போல்ட்டுகளில் அவற்றின் அடித்தட்டுகள் நேராக அமர்ந்தன. எட்டாம் தூணுக்கான தட்டின் துளைகளை மட்டும் 15 மி.மீ. நீட்டி அகட்டி, மேலே கனத்த வாஷர் வைத்து முடுக்கினோம்.