பாதியில் நின்ற சமையலறை வேலையை முடித்தெடுத்த அனுபவம்

குரோம்பேட்டையில் 1990-களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் சமையலறையை முழுவதுமாகப் பிரித்து, கடப்பாக் கல் மேடையை எடுத்துவிட்டுக் கிரானைட் போட்டு, திறந்த அலமாரிகளுக்குக் கதவு வைத்து, உப்பேறி அடைத்துக்கொண்ட இரும்புக் குழாய்களை மாற்றி சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் பதித்து முடித்திருக்கிறோம். முடிந்த வேலை மனநிறைவைத் தருகிறது. ஆனால் வேலையாட்கள் சொன்ன நாளில் வராததாலும், பேசிய பொருளுக்குப் பதில் வேறொன்றை இறக்கியதாலும், நீரிழிவு உள்ள என் மாமியாருக்குக் கூடத்தின் மூலையில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு வேளை தவறாமல் சமைத்துக் கொடுக்க வேண்டியிருந்த காலம் மிகவும் நீண்டுவிட்டது. இதே வேலையைத் தொடங்க இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

சமையலறையில் ஒருவர் வராமல் போனால் எல்லாருடைய வேலையும் நிற்கிறது. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சுவரில் காடி எடுத்துக் குழாய் பதிக்காமல் கொத்தனார் பூச முடியாது. பூச்சு முடியாமல் டைல்ஸ் ஒட்ட முடியாது. சிங்க்கை வாங்கிக் கையில் கொடுக்காமல் கிரானைட்காரர் கல்லில் துளை வெட்ட மாட்டார். மேடை அமராமல் தச்சர் கடைசி அளவை எடுக்க மாட்டார். ஒருவர் தவறவிட்ட நாளால் மற்றவர்களின் தேதிகளும் கலைகின்றன. அதற்குள் அவர்கள் வேறு வீட்டு வேலையை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதை எங்கள் கொத்தனார் மேஸ்திரிதான் விளக்கினார். ஒரு வீட்டில் வாங்கும் முன்பணம் பெரும்பாலும் முந்தைய வீட்டின் ஆள் கூலிக்கும் கடைப் பாக்கிக்கும் போய்விடுகிறது. முன்பணம் தந்த வீட்டை முடிக்க இன்னொரு வீட்டில் முன்பணம் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கிவிட்ட வீட்டுக்குத்தான் கடைசியாக வருவார்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் பாதிக்கப்படுவது நாம்தான். இதைக் கேட்ட பிறகு, தச்சரைத் தவிர மற்ற எல்லாரிடமும் பொருளை நாங்களே வாங்கித் தருவதாகவும், கூலியை மட்டும் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தருவதாகவும் பேசி, அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். தச்சர் மட்டும் பொருளோடு சேர்த்துத்தான் செய்வேன் என்றார்.

பிளம்பர் குழாய் பதித்து முடித்த மறுநாளே டைல்ஸ் ஒட்ட ஆள் வந்துவிட்டார். அழுத்தச் சோதனை செய்யாமல் சுவரை மூட விடமாட்டேன் என்று சொன்னேன். "தண்ணி விட்டுப் பார்த்தாச்சும்மா, ஒண்ணும் ஆகாது" என்று பிளம்பர் போனிலேயே சொல்லிப் பார்த்தார். டைல்ஸ்காரருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கைப் பம்பை வாடகைக்கு எடுத்துவரச் செய்தேன். எல்லா முனைகளையும் அடைத்து, நீரை ஏற்றி, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சிங்க் வரும் இடத்துக்குப் பின்னால் இருந்த எல்போவின் (குழாய் திரும்பும் இடத்தில் வரும் வளைவு இணைப்பின்) விளிம்பில் ஒரு துளி நீர் திரண்டு நின்றது. அளவு பார்ப்பதற்காகச் செருகிய குழாயைப் பசை தடவாமலே விட்டிருந்தார். சாதாரணத் தொட்டி நீரின் அழுத்தத்தில் அது தெரியாது. டைல்ஸ் ஒட்டி, பெட்டிகளும் வைத்த பிறகு மரம் ஊறி உப்பும்போதுதான் தெரிந்திருக்கும். பிளம்பர் மறுபேச்சின்றி அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாக இணைத்தார். அதற்குப் பின் அவர் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தச்சு வேலைதான் எங்களை மிகவும் வருத்தியது. நீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தும், வந்து இறங்கிய பலகைகளில் அந்த முத்திரை இல்லை; கடைக்காரர் எழுதிய சீட்டில் "வாட்டர் புரூஃப்" என்று மட்டும் இருந்தது. 710 தரத்துக்கான சோதனைகளில் ஒன்று, பலகையை 72 மணி நேரம் நீரில் கொதிக்க வைத்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது. அறுத்துப்போட்ட ஒரு துண்டைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அன்று மாலைக்குள் ஓரம் உப்பி, நகத்தால் நெம்பினாலே மேலடுக்கு உரிந்து வந்தது. அதைப் படம் எடுத்துத் தச்சருக்கு அனுப்பினேன். பலகைகளை மாற்றித் தருவதாகச் சொல்லி எடுத்துப் போனவர், பிறகு வரவில்லை. முதலில் ஊரில் துக்கம் என்றார், அடுத்து முகூர்த்த மாதம் ஆள் இல்லை என்றார், கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். துக்கம் என்றவரை நெருக்க எங்களுக்கும் மனம் வரவில்லை. ஆனால் அதே வாரத்தில் பக்கத்துத் தெருவில் அவர் வேலை செய்வதை என் கணவர் பார்த்துவிட்டார்.

சண்டைக்குப் போகவில்லை. ஒப்பந்தத் தாள், வங்கிக் கணக்கு வழியாக அனுப்பிய முன்பணத்தின் பதிவு, பலகைகளின் படங்கள், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைத் தொகுத்து, குறிப்பிட்ட தேதிக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பதிவுத் தபால் அனுப்பினேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இது சேவைக் குறைபாடு; இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை, நாமே நேரில் வாதாடலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் இதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, கடிதத்திலும் எழுதியிருந்தேன். கடிதம் கிடைத்ததும் தச்சரின் அண்ணன் வந்து பேசினார். அளவெடுத்த கூலியையும் வண்டி வாடகையையும் கழித்துக்கொண்டு மீதியை இரண்டு தவணையாகத் தந்தார்கள்.

ஒருவர் விட்டுப்போன வேலையைத் தொட மற்றவர்கள் தயங்குகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வந்து பார்த்த சிலர் சதுர அடிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். எங்கள் கொத்தனார் அழைத்துவந்த வயதான தச்சர், பலகையை நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலி மட்டும் போதும் என்றார். சதுர அடிக் கணக்கில் முகப்பை மட்டும் அளப்பதா, உள்தட்டுகளையும் சேர்ப்பதா என்பதில்தான் முடிவில் தகராறு வரும் என்று அவரே சொல்லி, முகப்பு மட்டும் என்று எழுதித் தந்தார். நானும் அவரும் கடைக்குப் போய் ஒவ்வொரு பலகையிலும் முத்திரையைப் பார்த்து வாங்கினோம். சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டியின் அறுத்த ஓரங்களை மூடிய பிறகே அதைப் பொருத்தினார்.

எல்லாருடைய கூலியிலும் ஒரு பகுதியை, ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசியிருந்தோம். கதவுகளின் கீல்களைச் சரிசெய்யத் தச்சரும், சிங்க்கின் கழிவுக் குழாயை இறுக்கப் பிளம்பரும் அழைத்தவுடன் வந்தார்கள். பாக்கியை வாங்கிக்கொண்ட பிளம்பர், மாடிக் குளியலறையையும் பார்த்து அளவு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.