ஐப்பசி மின்வெட்டுக் குறிப்புகள், மதுரை

அக்டோபர் 18, 2012, வியாழன்

காலை ஆறு மணிக்குப் போன மின்சாரம் ஏழுக்கு வந்து, எட்டுக்கு மறுபடியும் போயிற்று. ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் என்றாலாவது ஒரு கணக்கில் அடங்கும். பிற்பகலில் அந்தக் கணக்கும் குலைந்து, சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் இல்லை. பம்பு நின்றதும், படுக்கையிலேயே இருக்கும் அம்மாவுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையில் ஒன்றுவிட்டு ஒன்றாக உப்பியிருந்த குழாய்கள் தளரத் தொடங்கின. சற்று நேரம் கழித்து அவருடைய இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தேன். கட்டில் பலகை தட்டுப்பட்டது. பம்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 8 வாட் என்று போட்டிருக்கிறது. வெறும் எட்டு வாட்.

அக்டோபர் 20, சனி

இன்வெர்ட்டர் வந்துவிட்டது. கூடவே 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. நான்கு மின்விசிறியும் விளக்குகளும் டி.வி.யும் தாராளமாக ஓடும் என்றார் கடைக்காரர். ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு நேரம் என்பதே என் கவலை. 12ஐ 150ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி வருகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கைக்காசாக எண்ணிக்கொள்ளுங்கள் என்று இணைப்புக் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னார். காலியான பேட்டரி நிறைவதற்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது மின்சாரம் இருக்க வேண்டும் என்பதால், இப்போதைய நிலையில் நிறையச் செலவழித்துவிட்டு நிறைய ஏற்றிக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அம்மாவின் அறைக்கு மட்டும் தனி இணைப்பு: மின்விசிறி 75, சி.எஃப்.எல். விளக்கு 15, பம்பு 8, ஆக 98 வாட். கூடத்து மின்விசிறியையும் இதிலேயே சேர்க்கலாமே என்று அப்பா கேட்டார். நான் இசையவில்லை. அவர் அதன்பின் ஒன்றும் பேசாமல் விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 23, செவ்வாய்

ஆயுத பூஜை. பேட்டரிக்கும் பம்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

அக்டோபர் 26, வெள்ளி

நேற்றிரவு முழுவதும் தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, எங்கள் இன்வெர்ட்டர் மட்டும் 'டக், டக்' என்று மாறி மாறிப் பேட்டரிக்குத் தாவிக்கொண்டிருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எச்சரிக்கை ஒலி எழுந்து எல்லாம் அணைந்தது. வீட்டில் மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோகும் என்று நான் நினைத்ததே இல்லை. காலையில் தம்பி வந்து மீட்டரை வைத்துப் பார்த்தபோது 165 வோல்ட் காட்டியது. பெட்டியின் பின்புறத்தில் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. அது 'யு.பி.எஸ்.' பக்கம் இருந்தால், மின்னழுத்தம் ஏறக்குறைய 180க்குக் கீழே இறங்கியவுடன் வந்துகொண்டிருக்கும் மின்சாரத்தை வேண்டாமென்று தள்ளிவிடுமாம்; கணினிக்கு அது பாதுகாப்பு. 'நார்மல்' பக்கம் மாற்றினால் குறைந்த அழுத்தத்தையும் ஏற்றுக்கொண்டு சார்ஜ் ஆகும். தம்பி நகத்தால் நெம்பி மாற்றியதும் சார்ஜ் விளக்கு எரிந்தது. இன்வெர்ட்டர் வைத்திருக்கும் எல்லோரும் இன்றே பெட்டியைத் திருப்பி இந்தச் சுவிட்சைப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 31, புதன்

மாமல்லபுரம் அருகே நீலம் புயல் கரையைக் கடந்திருக்கிறது. இங்கே வானம் மூடிக்கிடக்கிறது. மதியத்துக்குப் பிறகு மின்சாரம் போகவே இல்லை. எங்கோ யாரோ படும் துன்பத்தின் நிழலில் அம்மா நன்றாகத் தூங்குகிறார் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

நவம்பர் 2, வெள்ளி

பழையபடி ஆகிவிட்டது. எதிர்வீட்டு சார் வந்திருந்தார். செப்டம்பரோடு காற்று ஓய்ந்து ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நின்றுவிடுகின்றன, வடக்கே விலைக்குக் கிடைத்தாலும் தெற்கே கொண்டுவரப் போதிய மின்பாதை இல்லை, கூடங்குளம் அணுமின் நிலையம் ஓடத் தொடங்கினால்தான் விடிவு என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அந்த நிலையத்தை எதிர்த்து இடிந்தகரைப் பெண்கள் குழந்தைகளோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்த படத்தைச் செப்டம்பரில் நாளிதழில் பார்த்தேன். அதன் பிறகு அந்த விடிவை என்னால் முழுமனதோடு வேண்ட முடியவில்லை.

இன்சுலின்: திறக்காத குப்பிகள் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் தாங்கும். அதற்காகக் கதவில் கயிறு கட்டிவிட்டேன். பயன்பாட்டில் உள்ள குப்பி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் இருக்கிறது.

நவம்பர் 6, செவ்வாய்

வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தேன், வெளுக்கவில்லை. தோல் இன்னும் கிழியவில்லை.

மருத்துவர், மெத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்றார். இரவில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. கொசுவலையை விலக்கி, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, மறுபடியும் வலையைச் செருகும்போது உள்ளே ஒரு கொசுகூட நுழைந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறேன். இந்தப் பக்கமெல்லாம் டெங்கு. திரும்பும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பிடியில் வலக்கையின் வலு கூடியிருக்கிறது என்று இன்று தோன்றியது. மெய்யாகவே கூடியிருக்கிறது.

நவம்பர் 9, வெள்ளி

சென்னையிலும் இரண்டு மணி நேரம் போகிறதாம். அண்ணன் தொலைபேசியில் சொல்லி வருத்தப்பட்டார். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

நவம்பர் 13, செவ்வாய்

தீபாவளி. நான்கு மணிக்கே மின்சாரம் இருந்ததால் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். அப்பா மிக்சியில் சட்னி அரைத்துக்கொடுத்தார். சிவப்பு சற்று மங்கியிருக்கிறது. அம்மா அரை அதிரசம் கேட்டு வாங்கி, கால்வாசிதான் சாப்பிட்டார். சர்க்கரை அளவை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 15, வியாழன்

வெட்டு நேரம் மாறியிருக்கிறது. இனி நள்ளிரவில் ஒன்று முதல் இரண்டு வரையும் இல்லை. அப்பா இரண்டு மணி முறையைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். டார்ச் விளக்கை அவர் தலைமாட்டுக்கு மாற்றியாயிற்று. சனிக்கிழமை தம்பி வரும்போது பேட்டரி முனைகளுக்கு வாஸ்லின் தடவச் சொல்ல வேண்டும், தண்ணீர் அளவைக் காட்டும் மிதவைகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.