0.52 நிமிடம் எங்கிருந்து வருகிறது?

பனியன் கம்பெனிகளின் தையல் லைனில் மணிக்கு இத்தனை பீஸ் என்று ஒரு டார்கெட் எழுதியிருக்கும். கை ஏற்றும், அதாவது பனியன் உடலோடு கைப்பகுதியை இணைக்கும், ஓவர்லாக் மெஷினுக்கு 115 என்று வைத்துக்கொள்வோம். அந்த 115 எப்படி வந்தது என்று தைப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. பல இடங்களில் சூப்பர்வைசருக்கே தெரியாது. ஆனால் அது வானத்திலிருந்து குதித்த எண் அல்ல. நான்கைந்து முடிவுகள் சேர்ந்து உருவானது, அவற்றில் இரண்டு முழுக்க மனித யூகம். அந்த இரண்டும் கண்ணில் படாமல் போவதுதான் பெரும்பாலான சண்டைக்குக் காரணம்.

முதலில் வேலையைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். உடலையும் கையையும் எடுப்பது, ஓரத்தோடு ஓரம் பொருத்துவது, தைப்பது, நூலை வெட்டுவது, பீஸைத் தள்ளி வைப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் எடுத்து, குறைந்தது பத்திருபது பீஸ்களுக்குத் தொடர்ந்து எழுத வேண்டும். லைனிலேயே வேகமானவரிடம் போய் நிற்கக் கூடாது. வேலை தெரிந்த, நிதானமாக ஓட்டுகிற டெய்லர்தான் சரியான ஆள். நேரம் எடுக்கப் போகிறோம் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒளிந்து நின்று எடுத்த நேரத்தை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

இங்கே அடிக்கடி விட்டுப்போவது கட்டு அவிழ்க்கும் நேரம். 20 பீஸ் கட்டை அவிழ்த்து, முடிந்ததும் திரும்பக் கட்டி வைக்க 24 நொடி ஆகிறது என்றால், ஒரு பீஸின் பங்கு 1.2 நொடி. அற்பமாகத் தெரியும். ஆனால் பீஸுக்கு 30 நொடி ஆகும் வேலையில் இது 4 சதவீதம். சிங்கிள் நீடில் மெஷின் என்றால் பாபின் மாற்றும் நேரத்தையும் இதே போலப் பங்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் சேர்த்துச் சராசரி 30 நொடி, அதாவது 0.50 நிமிடம். அடுத்து ரேட்டிங், அதாவது டெய்லரின் வேகத்துக்குப் பார்ப்பவர் போடும் மதிப்பெண். ஸ்டாப்வாட்ச் வேலை இங்கே முடிந்தது, இனிமேல் பார்ப்பவரின் கண். பிரிட்டிஷ் அளவுகோலில் 100 என்பது, சுமையில்லாமல் சமதரையில் மணிக்கு 4 மைல் (சுமார் 6.4 கி.மீ.) நடக்கிறவரின் வேகத்துக்கு இணையான வேலை வேகம். பார்ப்பவர் 90 என்று போட்டால், அடிப்படை நேரம் 0.50 × 0.90 = 0.45 நிமிடம். அதன் மேல் ஓய்வுக்கும் சொந்தத் தேவைகளுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 0.5175, சுருக்கமாக 0.52. ஒரு பீஸுக்கு அனுமதித்த இந்த நிமிடத்தைத்தான் லைனில் 'சாம்' (SAM) என்கிறார்கள். 60-ஐ 0.52-ஆல் வகுத்தால் 115.

டெய்லர் உண்மையில் 105 வேகத்தில் தைத்துக்கொண்டிருந்தார், பார்ப்பவர்தான் 90 போட்டுவிட்டார் என்றால்? சரியான நேரம் 0.60 நிமிடத்துக்கு மேல் வரும், டார்கெட் 99-தான். வாட்ச் ஒன்றுதான், நொடிகளும் அதே நொடிகள்தான். ஆனால் மணிக்கு 16 பீஸ் வித்தியாசம். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று டெய்லர் வேகத்தைக் குறைப்பார். அவர் குறைக்கிறார் என்று ஊகித்துப் பார்ப்பவர் ரேட்டிங்கைக் குறைப்பார். நேரம் எடுப்பவர்கள் ஒரே டெய்லரின் வீடியோவைப் பார்த்துத் தனித்தனியே ரேட்டிங் போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பழக வேண்டும். இது செலவில்லாத பயிற்சி. செய்கிற இடங்கள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

15 சதவீதமும் அப்படித்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வு வழிகாட்டியில் வரும் மாதிரி அட்டவணையில், சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 7, அடிப்படைக் களைப்புக்கு 4 சதவீதம். ஆக, பெண்கள் நிறைந்த லைனில் 11-லிருந்தே கணக்கு தொடங்குகிறது. வெக்கை, கண்ணுக்குச் சிரமம், ஒரே வேலையின் சலிப்பு, நின்றுகொண்டே செய்வது என ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கூட்ட வேண்டும். நூல் அறுவது, ஊசி உடைவது போன்ற மெஷின் தாமதம் வேறு கணக்கு. கூரைத் தகடு காயும் மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் ஒரே 15 சரியாக இருக்க முடியாது. இந்த 15-ஐ 'வீண்' என்று எடுத்துவிட்டால் டார்கெட் 133 ஆகும். எட்டு மணி நேரத்தில் 144 பீஸ் கூடுதல். காகிதத்தில் மட்டும்.

வேலையை இப்படி நொடிக் கணக்காக்குவதற்கும் பகுத்தறிவு என்ற சொல்லுக்கும் தொடர்பு உண்டு. பகுத்தறிவு என்றால் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பகுத்தறிவுமயமாதல் என்று சொன்னது, வாழ்க்கையின் ஒவ்வொரு பகுதியையும் முன்கூட்டியே கணக்கிடக்கூடியதாக மாற்றுவதை. அவர் இதை நூலகத்தில் உட்கார்ந்து மட்டும் யோசிக்கவில்லை. 1908-இல் ஓர்லிங்ஹவுசனில் தன் உறவினர்களின் லினன் நெசவாலையில் உட்கார்ந்து, நெசவாளிகளின் உற்பத்திக் கணக்கை அலசினார். உற்பத்தி ஏறி இறங்கியதற்கு அவர் ஆராய்ந்த காரணங்களில் ஒன்று, தொழிலாளர்கள் தெரிந்தே வேகத்தை அடக்குவது. கூடுதலாக நெய்தால் பீஸ் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற கணக்கு அது. சோம்பல் என்று முதலாளி நினைப்பதும் தொழிலாளி போட்ட சரியான கணக்காக இருக்கலாம். நேர ஆய்வின் மூலவரான அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லரே (Taylor, தையல்காரர் அல்ல), ரேட்டைக் குறைப்பதுதான் இந்த அடக்கி வாசிப்பை வளர்க்கிறது என்று எழுதியவர். ஆனாலும் 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்ச்சை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். விவகாரம் நாடாளுமன்றம் வரை போய், அரசு நிதியில் நடக்கும் அத்தகைய இடங்களில் ஸ்டாப்வாட்ச் ஆய்வுக்குத் தடை வந்தது. அது 1949 வரை நீடித்தது.

லைனுக்குத் திரும்புவோம். பத்துப் பேர், ஒரு டி-சர்ட்டின் மொத்த சாம் 6.00 நிமிடம். பத்துப் பேரின் எட்டு மணி நேரமான 4,800 நிமிடத்தை 6-ஆல் வகுத்து 800 பீஸ் என்று எழுதிவிடுவார்கள். ஒரே ஆள் செய்யும் ஒரு வேலை 0.90 நிமிடம் என்றால், அந்த மெஷினைத் தாண்டி நாளுக்கு 533 பீஸ்தான் போகும். மற்ற ஒன்பது பேரை எவ்வளவு விரட்டினாலும் 534-ஆவது பீஸ் வராது. அந்த வேலையின் ஒரு பகுதியைப் பக்கத்து மெஷினுக்கு மாற்றுவது, இல்லையென்றால் இன்னொருவரைப் போடுவது, இரண்டே வழி.

எபிஷியன்சி என்பது தைத்த பீஸ்களின் சாம் நிமிடங்களை, வேலைக்கு வந்த நிமிடங்களால் வகுத்து வரும் சதவீதம். இந்தக் கணக்கில் எல்லோரும் மேலே இருக்கும் எண்ணையே பார்க்கிறார்கள். தில்லுமுல்லு நடப்பது கீழே இருக்கும் எண்ணில். ஓவர்டைம் நிமிடங்களை விட்டுவிடுவது, கைமடி ஆட்களை, அதாவது உதவியாளர்களை, சேர்க்காமல் விடுவது, இரண்டுமே சதவீதத்தை உயர்த்திக் காட்டும். கை ஏற்றும் டெய்லர் நாளுக்கு 700 பீஸ் தைத்தார் என்றால் 700 × 0.52 = 364 நிமிட வேலை. 480-ஆல் வகுத்தால் 76 சதவீதம். ஆனால் கட்டு வராமலும் மெக்கானிக் வராமலும் அவர் 40 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால், 440-ஆல் வகுக்க வேண்டும்: 83 சதவீதம். 83 டெய்லரின் எண். 76 நிர்வாகத்தின் எண். இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும், 76-ஐக் காட்டி டெய்லரைத் திட்டக் கூடாது.

இதற்கு லைன் தாளில் காத்திருப்புக்கு ஒரு பத்தி போதும்: கட்டு வரவில்லை, மெஷின் ரிப்பேர், கரன்ட் இல்லை, நூல் மாற்றம். ஒவ்வொரு மணி முடிந்ததும் சூப்பர்வைசர் நிமிடத்தை எழுத, டெய்லர் கையெழுத்திட வேண்டும். சாயங்காலம் மொத்தமாக எழுதினால் 40 நிமிடம் 10 ஆகிவிடும். நேர ஆய்வுத் தாளின் நகலை மெஷினிலேயே ஒட்டலாம்: துணி எது, அங்குலத்துக்கு எத்தனை தையல், கட்டில் எத்தனை பீஸ், ரேட்டிங் எவ்வளவு, ஓய்வுச் சதவீதம் எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தது. இவற்றில் ஏதாவது மாறினால் மட்டும் மறுபடி நேரம் எடுக்க வேண்டும். டெய்லர் 115-ஐத் தாண்டிவிட்டார் என்பது அந்தப் பட்டியலில் வராது.