திருமலையிலிருந்து மாஸ்டொடனில் வீடு மாறினேன்

கரைவலை இழுத்து முடித்து மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்த நேரம். திருகோணமலையின் உப்புவெளிக் கரையில் நின்று பாரை மீன் ஒன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கைப்பேசியில் அந்த அறிவிப்பு வந்தது: என் மாஸ்டொடன் கணக்கு இருந்த சேவையகம் மூன்று மாதத்தில் மூடப்படுகிறது. மாஸ்டொடன் பேஸ்புக் போல ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை; பலர் தனித்தனியே நடத்தும் சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசும் சமூக வலைத்தளம் அது. என்னுடையது ஒருவர் தன் கைக்காசில் நடத்திவந்த சிறிய சேவையகம். செலவு தாங்கவில்லை என்று எழுதியிருந்தார். முன்கூட்டியே சொன்னாரே, அதற்கு இன்றும் அவருக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி இலங்கையில் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்ட அன்று, ஒரே வாசலை நம்பி எல்லாவற்றையும் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று உறைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் மாஸ்டொடனுக்கு வந்தேன். எங்கள் கரையில் மீன்களுக்கு வழங்கும் பெயர்களைப் படத்தோடு பதிந்துவந்தேன். 180 பேர் பின்தொடர்ந்தார்கள்.

பின்தொடர்தல் இங்கே எப்படி நடக்கிறது என்பது மூதூர்த் தோழி ஒருத்தியால்தான் எனக்கு விளங்கியது. என் பக்கத்துக்கு வந்து பொத்தானை அழுத்தினால் உள்நுழையச் சொல்கிறது என்றாள். "எனக்குத்தான் கணக்கு இருக்கிறதே, ஏன் மறுபடியும் கேட்கிறது?" அவளுடைய கணக்கு வேறொரு சேவையகத்தில் இருந்தது. என் முகவரியை, பெயரும் சேவையகப் பெயருமாக முழுவதும், அவள் தன் சேவையகத்தின் தேடலில் இட்டாள். அது என் சேவையகத்திடம் இப்படி ஒருவர் உண்டா என்று விசாரித்து, பின்தொடரும் கோரிக்கையை அனுப்பியது. இங்கிருந்து ஏற்பு திரும்பிப் போன பிறகே உறவு உறுதியானது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்ட ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறைதான் இந்தப் பேச்சுக்கு இலக்கணம். அவளுக்கு என் பக்கம் வெறுமையாகத் தெரிந்ததும் பதறிவிட்டாள். பின்தொடர்ந்த நாள் முதல் எழுதுவதுதான் தேடி வரும், பழையவை தாமாக வருவதில்லை என்று சொல்லி ஆறுதல்படுத்தினேன்.

ஆகவே வீடு மாறுவதென்றால் 180 உறவுகளையும் சேவையகங்கள் தமக்குள் பேசிப் புதுப்பிக்க வேண்டும். முதலில் புதிய கணக்கைத் திறந்து, 'பழைய கணக்கும் என்னுடையதே' என்று அதில் பதிய வேண்டும். பிறகுதான் பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தைத் தொடங்கலாம். நான் தலைகீழாகத் தொடங்கியதால் அது மறுத்துவிட்டது. பிறர் ஆட்களை யாரும் கடத்திப் போகாமலிருக்க இந்த இருபக்க ஒப்புதல் தேவை. அது சரியானது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு தவறும் செய்தேன். பாதுகாப்புக்கென்று புதிய கணக்கில், பின்தொடர்வோரை நானே அனுமதிக்கும்படி வைத்திருந்தேன். மாறி வந்தவர்களெல்லாம் கோரிக்கைகளாக வாசலில் நின்றார்கள். ஓர் இரவு முழுவதும் ஒவ்வொருவராக உள்ளே அழைத்தேன். நான் பின்தொடர்ந்தவர்களின் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றினேன். அது எளிது. பதிவுகள் மட்டும் வரவில்லை. மாஸ்டொடன் அவற்றை இடம் மாற்றுவதில்லை. காப்பகமாக இறக்கி வன்தட்டில் வைத்திருக்கிறேன். அந்த இழப்பு இன்னும் வலிக்கிறது.

புதிய கணக்குக்கு வந்துசேர்ந்தவர்களை எண்ணிப் பார்த்தால் 164 பேர். விடுபட்டவர்களில் டொராண்டோவில் இருக்கும் முதியவர் ஒருவர். திருமலையின் சல்லி என்ற ஊரில் பிறந்தவர், நான் ஐயா என்று அழைப்பவர். ஓரா, சூரை என்று நான் எழுதினால், தன் அப்பா காலத்துப் பெயரையும் அது பிடிபடும் காலத்தையும் கீழே எழுதுவார். அவருடைய மகன் வீட்டிலேயே நடத்தும் சேவையகம் அந்த நாட்களில் பழுதாகிக் கிடந்தது. இடமாற்றச் செய்தியை அனுப்பும் சேவையகம் இடைவெளி விட்டுப் பலமுறை முயலும். பதிலே இல்லையென்றால் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். நான் அவருக்கு அனுப்பிய கோரிக்கையும் நிலுவையிலேயே நின்றது.

பட்டியலில் அவர் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பத்து நாள் காத்திருந்தேன். பதினோராம் நாள் அவர் பக்கத்தில் ஒரு புதிய பதிவு தெரிந்தது. பழைய கோரிக்கையை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினேன். அந்த நிமிடமே ஏற்பு வந்தது. "ஐயா, வீடு மாறிவிட்டேன். இந்த முகவரியை அப்படியே தேடலில் இடுங்கள்" என்று எழுதினேன். மாலையில் அவரும் பின்தொடர்ந்தார். அன்றிரவு உப்புவெளிப் பாரையின் படத்தைப் புதிய கணக்கில் ஏற்றினேன். காலையில் எழுந்தபோது கீழே அவர் பதில்: "பிள்ளை, இது எங்கள் ஊரில் வேறு பெயர். சொல்லுகிறேன், எழுதிக்கொள்."