நான்கு அட்டை வைத்தாள், ஏற்றமும் சமன், சூத்திரம் மட்டும் பிழை

கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்புக்குள் காட்ஸ் வந்தது ஒரு ரிலீஃப் பீரியட்டில். கணித மிஸ் வரவில்லை, பாடம் நிகழ்தகவு. கடைசி வாங்கிலிருந்த பையன்கள் 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். 32 அட்டை, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11 என்று, மிச்ச அட்டைகளையும் சேர்த்து ஒரு இனத்துக்கு 76, நான்குக்கும் 304. இதை மனதிலேயே கூட்டுகிறவனுக்கு மாதிரி வெளி, அதாவது வரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுதி, விளங்காதா? ஜாக் வர நிகழ்தகவு 8இல் 1 என்று நான் முடிக்குமுன்பே ஒருவன் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் ஒரு அம்மா வந்து, “பள்ளிக்கூடத்தில சூதாட்டமா மிஸ்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அதன்பிறகு பிரிஸ்டல் போட்டில் நாங்களே அட்டை வெட்டினோம்.

முதலில் செய்தது வீண். கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம், சரியாகச் சொன்னால் அட்டை உனக்கு. மூன்றாம் சுற்றில் அட்டையின் கசங்கிய மூலையைப் பார்த்தே விடை சொன்னார்கள். பாடம் தெரியாமலும் வெல்லலாம் என்றால் அந்த ஆட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

அப்புறம் செய்ததுதான் அயன் கட்டு. அயன் என்பது நேர் அல்லது மறை ஏற்றமுள்ள துணிக்கை. நான்கு பேருக்கு 48 அட்டை: சோடியம் 6, மகனீசியம் 4, கல்சியம் 4, அலுமினியம் 6, குளோரைட்டு 10, ஐதரொட்சைட்டு 6, ஒட்சைட்டு 6, சல்பேற்று 6. ஒவ்வொன்றிலும் அதன் ஏற்றம். மொத்தம் நேர் 40, மறை 40. காபனேற்றை வேண்டுமென்றே விட்டேன். அலுமினியத்தோடு அதைச் சேர்த்தால் கணக்குச் சரி, ஆனால் போத்தலில் அப்படியொரு சேர்வை கிடைக்காது. ஆளுக்கு 7 அட்டை, முறைக்கு ஒன்று எடுக்கலாம். ஏற்றம் பூச்சியமாகும்படி கீழே வைத்தால் அட்டைக்கு ஒரு புள்ளி.

முதல் நாளே ஒரு பிள்ளை இரண்டு கல்சியமும் இரண்டு ஒட்சைட்டும் வைத்து நான்கு புள்ளி கேட்டாள். “ஏற்றம் சமன்தானே மிஸ்?” சமன்தான், ஆனால் சூத்திரத்தில் அது ஒன்றுக்கு ஒன்று என்று சுருங்க வேண்டும். பிழை என் விதியில். வலுவளவை (ஒன்று எத்தனையோடு சேரும் என்ற எண்ணை) குறுக்காக மாற்றி எழுதும் பிள்ளைகள் கொப்பியில் வருடாவருடம் விடும் அதே பிழை அது. அன்றிரவே ஒரு விதி சேர்த்தேன்: எளிய விகிதமாக இல்லாவிட்டால் எதிராளி “சுருக்கு” என்று சொல்லி முழு அட்டைகளையும் அள்ளலாம். நான் சிவப்புப் பேனாவால் திருத்தியபோது வராத கவனம், அட்டை பறிபோகும் என்றதும் வந்தது. அலுமினியம் சல்பேற்றுக்கு 5 அட்டை என்று கண்டுபிடித்ததும் எல்லோரும் அலுமினியத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள், சீட்டாட்டத்தில் மற்ற இனங்களை வெல்லும் துரும்பைப் பிடித்து வைத்திருப்பதுபோல.

இன்னொரு இலாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கல்சியம் ஒன்று, ஐதரொட்சைட்டு அட்டை இரண்டு என்று கண்ணால் பார்த்தபின், Ca(OH)₂ என்ற சூத்திரத்தில் அடைப்புக்குறி ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் அந்த 2 ஐதரசனுக்கு மட்டும் போய்விடும்.

சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 40 நிமிடப் பாடவேளையில் 25 நிமிடத்துக்கு மேல் ஆடவிடாதீர்கள். மிச்ச நேரத்தில் அட்டையை மூடி வைத்துவிட்டு, வைத்த சேர்வைகளைக் கொப்பியில் எழுதட்டும். பரீட்சை மண்டபத்துக்கு அட்டை வராது. தரம் 11 கடைசித் தவணையில் நான் இதைத் தொடுவதில்லை, அப்போது கடந்தகால வினாத்தாள்தான்.

தவணைப் பரீட்சையில் ஒருவன் அலுமினியம் சல்பேற்றுக்கு விடைத்தாள் ஓரத்தில் ஐந்து சின்னப் பெட்டி கீறியிருந்தான், இரண்டில் 3, மூன்றில் 2. சூத்திரம் சரி. பெயரில் சல்பேற்றுக்குப் பதில் சல்பைட்டு என்று எழுதி ஒரு புள்ளியை விட்டான். இப்போது அட்டை வைக்கும்போது பெயரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.