கானாவில் அகற்றப்பட்ட காந்தி

கானா பல்கலைக்கழகத்திலிருந்து காந்தி சிலையை எடுத்தது பெரிய அவமதிப்பு என்று சிங்கப்பூர் தேக்காவில் நண்பர்கள் சிலர் இன்னும் கொதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. 2016இல் இந்திய அரசு அளித்த பரிசு அது. பிரணாப் முகர்ஜி திறந்துவைத்தார். சில மாதங்களிலேயே பேராசிரியர்கள் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். இளம் வயதில், தென்னாப்பிரிக்காவில், கறுப்பின மக்களைத் தாழ்த்தி காந்தி எழுதியவை அச்சில் இருக்கின்றன. அவற்றைப் படித்த ஓர் ஆப்பிரிக்க மாணவி அந்தச் சிலையைத் தினமும் எந்த மனதோடு கடந்து போவாள்? 2018 டிசம்பரில் அகற்றினார்கள்.

நம் ரேஸ் கோர்ஸ் லேன் காந்தி நினைவு மண்டபத்தின் கதை வேறு. 1950இல் அடிக்கல் நாட்டியவர் நேருதான், ஆனால் பணம் இங்குள்ள மக்கள் மனமுவந்து கொடுத்தது. காந்தியை மதிப்பவன் என்பதால்தான் சொல்கிறேன்: கானா தலைநகர் அக்ராவில் அவரை வேண்டாம் என்றவர்கள்மீது எனக்கு வருத்தமே இல்லை.