ஒரு பிரியதத்தம் வேகும் நேரம்

கும்பகோணத்திற்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவில் உள்ள ஒரு கன்னியர் மடத்தின் பின்புறத்தில், தென்னைகளுக்குக் கீழே, இருபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றின் தலைமாட்டிலும் ஒரே மாதிரியான சிமெண்டுச் சிலுவை. பெயருக்குக் கீழே பிறந்த நாள், முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்த நாள், இறந்த நாள் என்று மூன்று தேதிகள் மட்டும் பொறித்திருப்பார்கள். சென்ற நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, அந்த வரிசையின் கடைசியில் என் அத்தைக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். அத்தைக்கு இடப்பக்கம் உறங்குபவர் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். அவருக்கு அப்பால் இருப்பவர் ஆயுள் முழுவதும் மடத்து மாடுகளைப் பார்த்துக்கொண்டவர். யார் முன்னால் இறந்தார்களோ அவர்களுக்கு முன்னிடம், அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்திற்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி வைத்த ஊர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான் என்பதால், இந்த வரிசையின் முன்னே நிற்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றுவிடுகிறேன்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். பத்தொன்பது வயதில், 1962இல், மடத்தில் சேர்ந்தார். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பிவிட்டாள் என்று பாட்டி கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டுத்தான் போனேன் என்று அத்தையும் கடைசிவரை மறுத்துக்கொண்டே இருந்தார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் அதே மடத்தின் விடுதியில் தங்கிப் படித்தேன். மற்றவர்கள் முன்னிலையில் நான் அவரைச் 'சிஸ்டர்' என்றுதான் அழைக்க வேண்டும். அப்பம் சுடும் அறைக்குள் நுழைந்துவிட்டால் 'அத்தை' என்று கூப்பிடலாம். இது எங்களுக்குள் இருந்த எழுதாத ஒப்பந்தம்.

அந்த அறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரப் பங்குக் கோவில்களுக்கெல்லாம் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, வேண்டிய நற்கருணை அப்பம் அங்கிருந்துதான் போகும். அப்பத்திற்குக் கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. உப்பு கூடாது, புளிப்பு கூடாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெல் விளையும் மண்ணில் பீடத்திற்கு மட்டும் வெளியூர்க் கோதுமை வேண்டியிருக்கிறதே என்று அத்தை மாவு சலிக்கும்போது முணுமுணுப்பார். மாவைத் தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்துக் கொள்வார். நீண்ட கைப்பிடியுள்ள இரும்பு அச்சு, பெரிய இடுக்கி போல, இரண்டு தட்டுகளாகத் திறக்கும். உட்பக்கத்தில் சிலுவையும் ஆட்டுக்குட்டியும் பள்ளமாகச் செதுக்கியிருக்கும். சூடேறிய தட்டில் ஒரு கரண்டி மாவை ஊற்றி மூடினால் 'சுர்'ரென்று ஆவி சீறும், ஓரத்தில் வழிந்த மாவு பொரிந்து நிற்கும். திறந்து எடுத்தால் காகிதத்தைவிடச் சற்றே தடித்த ஒரு வெள்ளைத் தகடு. அதைச் சுட்டவுடன் வெட்டினால் நொறுங்கிவிடும். ஆகையால் ஈரத்துணி போர்த்தி இரவு முழுவதும் பதப்படுத்தி, மறுநாள் காலையில்தான் வட்டக் குழல் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார். வெட்டியது போக மிஞ்சுகிற ஓரங்கள் விடுதிப் பிள்ளைகளுக்கு. அந்த ஓரத்திற்கு உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொண்டு கரையும். ஆனாலும் அதற்காக நாங்கள் அடித்துக்கொண்ட அளவுக்கு முறுக்குக்குக்கூட அடித்துக்கொண்டதில்லை.

அச்சை மூடியதும் அத்தை கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கி மாதாவை வாழ்த்துகிற பழைய செபமான பிரியதத்த மந்திரத்தை நிதானமாகச் சொல்லி முடிப்பார். 'ஆமென்' வரும்போது அச்சைத் திறப்பார். அப்பம் சரியாக வெந்திருக்கும். கோவிலிலும் செபமாலையிலும் நாங்களெல்லாம் அதே மந்திரத்தைப் புதிய தமிழில் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஏன் அத்தை, இன்னும் பழசையே சொல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "புதுசையும் சொல்லிப் பார்த்தேம்மா. அப்பம் வேகல" என்றார்.

அத்தை மடத்தில் சேர்ந்த அதே 1962இன் அக்டோபரில்தான் உரோமையில் உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் லத்தீன் பூசை தமிழ்த் திருப்பலியாயிற்று, குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார், சர்வேசுரன் கடவுளானார், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், 'பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே' என்பது 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' ஆயிற்று. நீண்ட அங்கியும் முக்காடும் பல மடங்களில் புடவைக்கு வழிவிட்டன. ஒரு தலைமுறைக் கன்னியர் ஒரே வாழ்நாளில் உடுப்பையும் மொழியையும் மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றம் தேவையானதுதான் என்பதே என் எண்ணம். புரியாத மொழியில் கும்பிடுவதில் தனிப் புனிதம் ஏதும் இல்லை. ஆனால் பழைய மந்திரங்கள் புரியாத மொழியில் இருக்கவில்லை. அவை வடமொழி கலந்த ஒரு தமிழில் இருந்தன, பாட்டிமார் நடவு வரப்பில் நின்றுகொண்டே மனப்பாடமாகச் சொல்லக்கூடிய தமிழில். 'பிரியதத்தம்' என்றால் அன்பினால் அளிக்கப்பட்டது. 'அருள்' என்ற சொல்லில் அழகு உண்டு. கொடுத்தவரின் ஆசை அதில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

இந்த மடம் சேர்ந்திருக்கிற சபையின் வேர் புதுச்சேரியில் இருக்கிறது. 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய மறைமாவட்டச் சங்கம், உள்ளூர்க் குருக்களை உருவாக்குவது பற்றியும் பிள்ளைகளின் கல்வி பற்றியும் பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த துப்புயி அடிகளார், சில தமிழ்ப் பெண்களைக் கொண்டு, பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். குடும்பப் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, தாசிகள் அல்லவா படிப்பார்கள் என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட காலத்தில், திருமணமும் செய்துகொள்ளாமல், படித்தும் காட்டி, பிறர் வீட்டுப் பெண்களையும் படிக்க வா என்று அழைத்தவர்களை ஊர் என்னென்ன சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். துப்புயி அடிகளார் அச்சகக்காரர், அகராதிக்காரர். மூசே அடிகளாருடன் சேர்ந்து அவர் தொகுத்த தமிழ் - பிரெஞ்சு அகராதியின் முதல் தொகுதி 1855இல் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. சொற்களைச் சேர்த்துவைத்த ஒருவர் தொடங்கிய சபையில் சேர்ந்துதான் என் அத்தை ஒரு பழஞ்சொல்லை இரும்பு அச்சின் கைப்பிடியில் சேர்த்துவைத்திருந்தார் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் உறைத்தது. 1899இல் கும்பகோணம் தனி மறைமாவட்டமாகப் பிரியும்வரை எங்கள் பகுதியும் புதுச்சேரியோடுதான் இருந்தது.

மடத்தின் அன்றாடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளியில் இருப்பவர்கள் கற்பனை செய்கிற மர்மமெல்லாம் அங்கே கிடையாது. விடியுமுன் மணி அடிக்கும். சிற்றாலயத்தில் இரு அணிகளாக நின்று திருப்புகழ்மாலையின் காலைப் புகழை மாறிமாறிச் சொல்வார்கள். ஓர் அணி சொல்லும்போது மற்றது மூச்சு வாங்கிக்கொள்ளும். மாலையில் மரியாவின் பாடல், இரவில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோனின் பாடல். சிமியோன் 'உம் அடியான்' என்கிற இடத்தில் அத்தை மட்டும் மெல்ல 'அடியாள்' என்பார். ஆசிரியைகளாக இருந்த சகோதரிகளின் சம்பளம் பொதுப் பணத்தில் சேரும்; செருப்பு அறுந்தால் மடத்துத் தலைவியான மதரிடம் கேட்டுத்தான் புதியது வாங்க வேண்டும். பிரான்சிஸ் அசிசியின் வழியில் வந்த சபை என்பதால் ஏழ்மையைப் பற்றிய பேச்சு அதிகம். அவர் தண்ணீரைச் 'சகோதரி' என்று பாடியதை மட்டும் டெல்டாவில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா திறக்காதா என்ற கவலை மடத்துச் செபத்திலும் ஆண்டுதோறும் இடம்பெறும். ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களுக்கு வாசலில் மோர்ப்பானை வைப்பார்கள். வாங்கிக் குடிப்பவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறு இருக்கும்.

கடைசி நான்கு ஆண்டுகளில் அத்தைக்கு நினைவு தவறத் தொடங்கியது. முதலில் போனவை பின்னால் வந்தவை. என் பிள்ளைகளின் பெயர், பிறகு என் பெயர், பிறகு தமிழ்த் திருப்பலியின் பதிலுரைகள். செபமாலை சொல்லும்போது எல்லோரும் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினால் அவர் திகைத்துப்போய் எதிரே இருப்பவரின் வாயைப் பார்ப்பார். தனியே இருக்கும்போது பழைய மந்திரம் மட்டும் ஒரு சொல் பிசகாமல் வரும். பொதுச் செபத்திற்கு அவரை அழைத்து வருவதா, அறையிலேயே விட்டுவிடுவதா என்று மடத்தில் பேச்சு எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். யார் என்ன சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அப்போது அங்கே ஜார்க்கண்டிலிருந்து வந்த ஓர் இளம் சகோதரி இருந்தார், இன்றும் இருக்கிறார். தாய்மொழி குடுக். தமிழைப் புத்தகத்தில் படித்துத் தேர்ந்தவர், 'ழ'கரத்தை நம்மவர் பலரைவிடத் திருத்தமாக உச்சரிப்பவர். அத்தையைக் குளிப்பாட்டி, தலை வாரி, மருந்து கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. குடுக் மொழியும் தமிழின் உறவுமொழிதான் என்பது எனக்கு அவர் மூலமாகத்தான் தெரியும். அத்தைக்குப் பல் விளக்கிவிடும்போது தங்கள் ஊரிலும் 'பல்' என்றுதான் சொல்வோம் என்றாராம். கண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். அத்தை அன்று முழுவதும் தன் பல்லைத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தச் சகோதரி பழைய மந்திரங்களை அத்தையின் வாயிலிருந்து கேட்டுத் தம் தாய்மொழியின் தேவநாகரி எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு மாலைச் செபமாலையின் ஐந்து பகுதிகளில் கடைசியான ஐந்தாவது தேவ இரகசியத்தை மட்டும் பழைய சொற்களில் சொல்வது என்று வழக்கமாயிற்று. அவர் "பிரியதத்தத்தினாலே" என்று தொடங்குவார். முதிய சகோதரிகள் நான்கைந்து பேர் "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று உடனே பிடித்துக்கொள்வார்கள். இளையவர்கள் தட்டுத்தடுமாறிப் பின்னால் வருவார்கள். அத்தையின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும்.

2023இன் ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலையில் அத்தை இறந்தார். அவர் அலமாரியில் நான்கு புடவைகள், ஒரு செபமாலை, தையல் பிரிந்த ஒரு செபப் புத்தகம், பாட்டியின் ஒரு படம் ஆகியவை இருந்தன. படத்தை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். புடவைகள் மற்றச் சகோதரிகளுக்குப் போயின. ஒருவர் உடுத்தியிருந்ததைச் சென்ற முறை அடையாளம் கண்டுகொண்டேன். மடத்தில் இறந்த சகோதரிகளின் பெயர்களை நாள்வாரியாக எழுதிவைத்த ஓர் ஏடு உண்டு. ஒவ்வோர் இரவும் உணவுக்கு முன் மறுநாளுக்குரிய பெயர்களை அதிலிருந்து வாசித்து அவர்களுக்காக மன்றாடுவார்கள். நூறாண்டுக்கு முன்னால் இறந்தவரும் சென்ற ஆண்டு இறந்தவரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பார்கள். ஜூபிலி மலர்களில் பொதுவாக ஆயர்களின் படங்களும் கட்டடங்களின் படங்களும்தான் பக்கங்களை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு மடத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டுமென்றால் நான் இந்த ஏட்டைத்தான் கேட்பேன். இதில் சமையற்கட்டில் நாற்பது ஆண்டு நின்றவருக்கும் ஒரு வரி உண்டு.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றி முடித்ததும் அப்பம் சுடும் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து உள்ளே போனேன். இப்போது மின்சார அச்சு வந்துவிட்டது. பழைய இரும்பு இடுக்கியைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஜார்க்கண்ட் சகோதரி மாவை ஊற்றி மூடிவிட்டு, மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றார். அச்சில் நேரம் காட்டும் விளக்கு ஒன்று இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. திறந்தார்.

"வெந்துடுச்சு அக்கா" என்றார். பிறகு முந்தைய நாள் வெட்டியதில் மிஞ்சிய ஓரங்களை ஒரு செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, என் பிள்ளைகளுக்கு என்று கையில் கொடுத்தார். கும்பகோணம் பேருந்து நிலையம் வருவதற்குள் பாதியை நானே தின்றுவிட்டேன்.